லோகோ வரைகிறவர் இணையதளமும் செய்து தரலாமா?

கேள்வி: "ஐயா, நான் தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே வடிவமைப்பு வேலை செய்கிறேன். வயது 31. ஐந்து ஆண்டுகளாகச் சிறு வியாபாரிகளுக்கு லோகோ, பெயர்ப்பலகை, பாக்கெட் அட்டை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகச் செய்து தருகிறேன். ஒரு தொகுப்புக்கு 12,000 ரூபாய் வாங்குகிறேன். இப்போதெல்லாம் வருகிறவர்கள் எல்லோரும் 'இணையதளத்தையும் நீங்களே செய்துகொடுத்துவிடுங்களேன்' என்கிறார்கள். 'அது எனக்குத் தெரியாது' என்று சொன்னதால் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை வேலை கைவிட்டுப் போனது. இரண்டையும் செய்கிற ஒரு நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரும், கொடுங்கையூரில் மசாலாத் தூள் தயாரிக்கும் ஓர் அக்காவும் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானே கற்றுக்கொள்வதா, ஆள் வைத்துச் செய்வதா? 15,000 ரூபாய் கேட்கலாம் என்று நினைக்கிறேன், சரியா? 'இருக்கிற தொழிலை ஒழுங்காகப் பார்' என்கிறார் அண்ணன். நான் செய்த மூன்று வேலைகளை இணைத்திருக்கிறேன்."
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அண்ணனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. இணையதளம் செய்யக் கற்பது பெரிய மலை இல்லை. உங்களுக்கு நல்ல கண் இருக்கிறது, சில மாதம் உட்கார்ந்தால் வந்துவிடும். தலைவலி, செய்து முடித்த பிறகு ஆரம்பிக்கிறது. லோகோவை வரைந்து கோப்பை ஒப்படைத்துப் பணத்தை வாங்கிக்கொண்டால் அந்தக் கணக்கு தீர்ந்தது. இணையதளம் அப்படித் தீராது. அது வாடகைக்கு விட்ட வீடு மாதிரி. குழாய் ஒழுகினாலும், மின்சாரம் போனாலும், பூட்டு திறக்கவில்லை என்றாலும் ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்காரருக்குத்தான் போன் வரும். அந்தப் போனை எடுக்க உங்களுக்கு மனம் இருக்கிறதா? எடுப்பதற்குத் தனியாகப் பணம் கேட்கத் துணிச்சல் இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் தாராளமாக இறங்குங்கள். இரண்டாவது கேள்விக்கு வாய் தடுமாறினால் அண்ணன் பேச்சைக் கேட்பது நல்லது.

இதை நான் அடிபட்டுக் கற்றேன். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை தட்டச்சு செய்யத் தொடங்கியவன் நான். பிறகு லோகோ, பெயர்ப்பலகை என்று வளர்ந்து, 2006-இல் முதல் இணையதளத்தை ஒப்புக்கொண்டேன். வாடிக்கையாளர் ஓர் இரும்புச் சாமான் கடைக்காரர். டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயரை, என் பெயரிலேயே, என் மின்னஞ்சலைக் கொடுத்தே பதிவு செய்தேன். ஒரே மாலையில் முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு. மூன்று ஆண்டுகள் கழித்து அந்த மின்னஞ்சலை நான் திறப்பதையே விட்டிருந்தேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு நாள் காலையில் கடைக்காரர் அழைத்து, "தம்பி, என் கடையைக் காணோமே" என்றார். டாட் காம் பெயர் ஒன்று காலாவதியாகி நீக்கப்பட்டாலும் உடனே பறிபோகாது. 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்கப்புறம் 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். மீட்புக் காலத்தின் கடைசி வாரத்தில் நான் விழித்துக்கொண்டேன். மீட்புக் கட்டணம் என் கையிலிருந்து போனது. அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஆகவே டொமைனும், தளத்தை வைக்கிற வாடகை இடமான ஹோஸ்டிங்கும் வாடிக்கையாளரின் பெயரில், வாடிக்கையாளரின் மின்னஞ்சலில், அவருடைய கார்டிலேயே வாங்கப்பட வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தக் காட்டினால் போதும். 'நீங்களே கட்டிவிடுங்கள், பிறகு தருகிறேன்' என்பார்கள். கட்டாதீர்கள். இதில் வரிக் கணக்கும் இருக்கிறது. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுவரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். அடுத்தவர் ஹோஸ்டிங் செலவையெல்லாம் உங்கள் பில் வழியாக ஓட்டினால், லாபமே இல்லாத பணம் உங்கள் விற்றுவரவில் ஏறிக்கொண்டே போகும்.

இப்போது உங்கள் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு வருவோம். என்னைக் கேட்டால், மீன் வியாபாரிக்கு அவர் கேட்கிற இணையதளம் தேவையில்லை. காசிமேட்டில் வஞ்சிரத்தின் விலை விடிகாலை ஏலத்தில் ஒன்று, வெயில் ஏறிய பிறகு இன்னொன்று. தளத்தில் விலைப்பட்டியல் போட்டால் தினமும் யாராவது மாற்ற வேண்டும். முதல் வாரம் அவர் மாற்றுவார், இரண்டாம் வாரம் உங்களை மாற்றச் சொல்வார், மூன்றாம் வாரம் யாரும் மாற்றமாட்டார்கள். பழைய விலையைப் பார்த்துவிட்டு ஒரு ஓட்டல்காரர் சண்டைக்கு வந்தால் பழி உங்கள் மேல் விழும். விலை சொல்வதற்கு அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவே போதும். அவருக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு பக்கம்: என்னென்ன மீன், எப்படி வெட்டித் தருகிறார், எந்த ஏரியாவுக்கு எத்தனை மணிக்குள் வண்டி போகும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், போன் எண். கூடவே கூகுள் மேப்பில் கடையைச் சரியாகப் பதிவு செய்து, படங்களை ஏற்றித் தாருங்கள். இதை எளிய கருவியிலேயே நீங்கள் ஒரு வாரத்தில் முடிக்கலாம். அவர் எட்டுப் பக்கத் தளம் கேட்டு நீங்கள் ஒரு பக்கம் போதும் என்று சொன்னால் வருமானம் குறையும்தான். ஆனால் அப்படிச் சொல்கிறவரைத்தான் அந்தத் துறைமுகத்தில் இன்னும் நான்கு பேரிடம் அவர் சிபாரிசு செய்வார்.

கொடுங்கையூர் அக்காவின் கதை வேறு. அவருடைய தூள் கெட்டுப்போகாது, பார்சலில் போகும், விலை மாதக்கணக்கில் மாறாது. அவருக்குத் தளம் வேண்டும். இந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். ஏன் என்று சொல்கிறேன். பாக்கெட்டின் பின்பக்கத்தில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, புகார் எண் என்று நீங்கள் கட்டம் கட்டமாக அடுக்கியிருக்கிறீர்கள் அல்லவா? சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள், 2011-இன்படி, இணையத்தில் விற்கும்போது அந்த விவரங்களில் பெரும்பாலானவை விற்பனைப் பக்கத்திலும் தெரிய வேண்டும். தயாரித்த மாதம், ஆண்டு மட்டும் விலக்கு. இது தெரியாமல் பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை மட்டும் போட்டுவிட்டு 'இப்போதே வாங்குங்கள்' என்று எழுதிவிடும் புரோகிராமர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அட்டை செய்தவருக்கு அது சொல்லாமலே தெரியும்.

ஆரம்பத்திலேயே கூடை, பணம் செலுத்தும் வசதி எல்லாம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்பும் ஒரு பொத்தான் போதும். பணம் வாங்கும் கேட்வே நிறுவனங்கள் அடையாளச் சான்று கேட்பார்கள். பணம் திரும்பத் தருவது, தனியுரிமை, விதிமுறைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பக்கம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆர்டர் நாளைக்குப் பத்தைத் தாண்டட்டும், அப்போது அந்த வேலையைத் தனிக் கட்டணத்துக்கு எடுக்கலாம்.

நீங்கள் அனுப்பிய மூன்று வேலைகளையும் போனில்தான் திறந்து பார்த்தேன். வேண்டுமென்றே. நன்றாகச் செய்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்றும் காகிதத்துக்காகப் பிறந்தவை.

மசாலா அட்டையில் மஞ்சள் பின்னணி, வெள்ளை எழுத்து. அச்சில் அழகு, ஏனென்றால் நீங்கள் எழுத்தைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கோடு கொடுத்திருக்கிறீர்கள். அதே மஞ்சளில் ஒரு பொத்தானைச் செய்து வெள்ளையில் 'ஆர்டர் செய்ய' என்று எழுதினால், வெயிலில் நிற்கிற ஆளுக்கு வெறும் மஞ்சள் கட்டம்தான் தெரியும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு கேட்கிறது. உங்கள் மஞ்சளும் வெள்ளையும் 2:1-ஐக்கூடத் தொடாது. அந்தப் பழுப்பையே பொத்தானுக்கு எடுத்துக்கொண்டு மஞ்சளைப் பின்னணித் தீற்றலாக வைத்துக்கொண்டால் அடையாளமும் மாறாது, எழுத்தும் தெரியும்.

மீன் லோகோவில் செதில்களை எத்தனை பொறுமையாக வரைந்திருக்கிறீர்கள்! பிரவுசர் தாவலில் வரும் சின்னப் படம் 16 பிக்சல். அங்கே உங்கள் வஞ்சிரம் ஒரு சாம்பல் கறையாகிவிடுகிறது. செதில்கள் இல்லாமல், வெறும் உருவக்கோட்டில் ஒரு சின்ன வடிவம் தனியாக வரைய வேண்டும். வாட்ஸ்அப்பின் வட்டத்துக்குள் வால் வெட்டுப்படாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, ராயபுரம் பேக்கரியின் பெயர்ப்பலகை. தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்ற விகிதம் பார்த்துப் பழகியவர் என்பது அதில் தெரிகிறது. அந்தத் தமிழ் எழுத்து பழைய டி.டி.பி. எழுத்துரு என்பதும் தெரிகிறது. இங்கேதான் உங்களுக்குப் பெரிய பள்ளம் காத்திருக்கிறது. அந்த எழுத்துருக்களில் திரையில் 'அ' தெரிந்தாலும் கணினிக்குள் உட்கார்ந்திருப்பது ஏதோ ஓர் ஆங்கில எழுத்தோ குறியீடோதான். அப்படித் தட்டச்சு செய்த வாசகத்தைக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளிலிருந்து நகல் எடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வரும். ஒருவேளை சரியாகத் தெரிய வைத்தாலும் கூகுள் தேடலில் சிக்காது. எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கிற யூனிகோடில் மாற்றி, ஒவ்வொரு வரியையும் கண்ணால் படித்துச் சரிபார்க்க வேண்டும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் கொம்பையும் காலையும் அவ்வப்போது இடம் மாற்றிவிடும். இணையத்துக்குக் கேட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ போன்ற திறந்த உரிம எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவாக இருந்தால் உரிமத்தைப் படியுங்கள். அச்சுக்கு வாங்கிய உரிமம் பெரும்பாலும் இணையத்துக்குச் செல்லாது.

இன்னொன்று, தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்' என்பதை 360 பிக்சல் அகலப் போன் திரையின் மெனுவில் அடைத்துப் பாருங்கள், மூச்சு முட்டும். 'தொடர்புக்கு' என்றால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுக் கடைசியில் தமிழைப் போடுகிறவர்களின் தளங்களில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதும், 'கு', 'ணு' ஆகியவற்றின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருப்பதும் இதனால்தான். தமிழிலேயே தொடங்கி வடிவமைக்கிறவர் என்று பெயர் எடுத்தால், வண்ணாரப்பேட்டை முதல் திருவொற்றியூர் வரை உங்களுக்கு வேலை வரும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், நீங்கள் முதலில் விற்க வேண்டிய சரக்கு இதுதான். ஐந்து ஆண்டுகளில் நீங்கள் லோகோ செய்து கொடுத்த பழைய வாடிக்கையாளர்களிடமே போங்கள். திரைக்கான நிற எண்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்.வி.ஜி. வடிவில் லோகோ, தாவலுக்கான சின்ன வடிவம், வாட்ஸ்அப் வட்டப் படம், இணைப்பைப் பகிரும்போது தெரிகிற 1200-க்கு 630 பிக்சல் படம், யூனிகோடு எழுத்துரு எது என்ற குறிப்பு. இவ்வளவையும் ஒரு சிறு தொகுப்பாக 4,000 ரூபாய்க்குக் கொடுங்கள். இதில் ஒரு வரி நிரல் கிடையாது, ராத்திரிப் போனும் கிடையாது. பத்துப் பேர் வாங்கினால் மூன்று பேர் 'அப்படியே தளமும்' என்பார்கள். அதற்குள் நீங்கள் தயாராகியிருப்பீர்கள்.

கற்பதா, ஆள் வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். பாதிப் பாதி. பக்கத்தைக் கட்டுகிற ஹெச்.டி.எம்.எல்., அதற்கு அலங்காரம் செய்கிற சி.எஸ்.எஸ். இரண்டையும் மாலை நேரங்களில் இரண்டு மாதம் படியுங்கள். இலவசப் பாடங்களே ஏராளம். புரோகிராமர் 'இது முடியாது' என்று சொல்லும்போது அது நிஜமாகவே முடியாததா, சோம்பலா என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும். ஆறு மாதத்தில் எல்லாம் கற்றுத் தருகிறோம் என்று லட்சத்தில் கட்டணம் கேட்கும் பயிற்சி மையங்களுக்குப் போகாதீர்கள். அந்தப் பணத்தில் முதுகு வலிக்காத நாற்காலி ஒன்று வாங்கினாலே மிச்சம் நிறைய இருக்கும். ஒரு பக்கத் தளங்களை நீங்களே செய்யுங்கள். அதற்கு மேற்பட்டவற்றில் திட்டமும் வடிவமும் வாசகமும் உங்களுடையவை, கட்டுவது ஒரு புரோகிராமர்.

அந்தப் புரோகிராமரைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். அவர் செய்து இரண்டு ஆண்டாவது ஓடிக்கொண்டிருக்கும் மூன்று தளங்களைக் கேட்டு வாங்கிப் போனில் திறந்து பாருங்கள். அந்த உரிமையாளர்களில் ஒருவரிடமாவது பேசுங்கள். 'தளத்தின் காப்பு நகலை எங்கே சேமிக்கிறீர்கள், கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். விழித்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டும் தளமென்றால், சந்தா கட்டாமல் பூட்டை உடைத்து எடுத்த தீம் (தோற்ற வார்ப்பு), பிளக்இன் (கூடுதல் வசதிக்கான இணைப்பு) எதையும் போடக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். அவற்றில் திருட்டு நிரல் ஒளிந்திருப்பது சர்வசாதாரணம். ஒருநாள் மசாலாத் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரத்துக்குப் போகும். கடவுச்சொற்கள் எல்லாம் வாடிக்கையாளரிடமும் உங்களிடமும் இருக்க வேண்டும். புரோகிராமர் கையில் மட்டும் சாவிக்கொத்து இருக்கும் வீட்டில் நீங்கள் விருந்தாளிதான்.

இனி 15,000. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லோகோ தொகுப்புக்கு 30 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 12,000 ரூபாய்க்கு உங்கள் கூலி மணிக்கு 400. அக்காவின் ஆறு பக்கத் தளத்துக்குப் பேச்சுவார்த்தை 5 மணி, வாசகமும் படமும் சேகரிக்க 12, வடிவமைப்புக்கு 18, புரோகிராமரோடு மல்லுக்கட்ட 6, பல போன்களில் சோதிக்க 4, அக்காவுக்குக் கற்றுக்கொடுக்க 2. மொத்தம் 47 மணி, 18,800 ரூபாய். புரோகிராமருக்கு 15,000 என்று வையுங்கள், 33,800 ஆகிவிட்டது. எதிர்பாராத திருத்தங்களுக்கு 15 சதவீதம் சேர்த்தால் 39,000 பக்கம் வரும். நீங்கள் நினைத்திருக்கும் 15,000 புரோகிராமருக்கே சரியாகிவிடும், உங்கள் 47 மணி நேரமும் தானம். 39,000 அதிகம் என்று அக்கா சொன்னால் பக்கங்களைக் குறையுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள்.

இதில் எல்லோரும் கணக்கில் விடுவது வாசகத்துக்கான 12 மணி நேரம். 'உங்கள் நிறுவனத்தைப் பற்றி எழுதி அனுப்புங்கள்' என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் தாடி வளரும். எம்.சி. ரோட்டுக் கடைக்காரரிடம் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு கேட்டுவிட்டீர்கள் என்றால் பொங்கலுக்குப் பதில் வரும், அதுவும் 'நீங்களே ஏதாவது போட்டுவிடுங்கள்' என்று வரும். நான் செய்வது, அரைக்கிற இடத்துக்கே போய் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவது. போனில் பதிவை ஓடவிட்டு, 'மிளகாய் எங்கிருந்து வருகிறது? குண்டு மிளகாயா, நீட்டு மிளகாயா? இரண்டையும் ஏன் கலக்கிறீர்கள்? மழைக்காலத்தில் எப்படிக் காயவைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். 'குண்டு மிளகாய் காரத்துக்கு, நீட்டு மிளகாய் நிறத்துக்கு; எங்கள் அம்மா விகிதம் அது' என்பது மாதிரி ஏதாவது சொல்வார். அதை அப்படியே முதல் பக்கத்தில் போடுங்கள். எந்த விளம்பர எழுத்தாளரும் அதைவிட நல்ல வரி தரமுடியாது.

பணத்தைத் தவணையாக வாங்குங்கள்: தொடங்கும்போது பாதி, வடிவத்துக்கு ஒப்புதல் தந்ததும் 30 சதவீதம், தளம் திறக்கும் முன் மிச்சம். 'முன்' என்பதை அடிக்கோடிடுகிறேன். திறந்த பிறகு கடைசித் தவணைக்கு நீங்கள் நடக்க வேண்டியிருக்கும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், இதுவரை செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. சின்ன வியாபாரிகளிடம் சட்டம் பேச வேண்டியிருக்காது. ஆனால் பெரிய நிறுவனம் ஒன்று இழுத்தடிக்கும்போது உத்யம் எண்ணை பில்லில் அச்சிட்டிருப்பதே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், வாசகம் யார் தருவது, தளம் திறந்தபின் எத்தனை நாள் இலவசமாகக் கவனிப்பீர்கள் (30 நாள் போதும்), அதன்பின் ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு. பராமரிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், மாதம் இரண்டு மணி நேர வேலை அதில் அடக்கம் என்று எழுதலாம். 'சின்ன மாற்றம்தானே' என்ற வாக்கியத்துக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் அணை. பராமரிப்பு வேண்டாம் என்கிறவருக்கு எல்லாச் சாவிகளையும் எழுத்தில் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமையையும் அதிலேயே தீர்த்துவிடுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்யாமல் தனியாகச் செய்பவர் வரைந்த லோகோவுக்குப் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஐந்து ஆண்டுகளாக நீங்கள் கொடுத்த லோகோக்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? இல்லை என்றுதான் ஊகிக்கிறேன். நான் பார்த்தவரை நம் ஆட்கள் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கொடுங்கையூர் அக்கா நாளை சிங்கப்பூருக்குத் தூள் அனுப்புகிறார் என்றால் அவருக்கு அந்தக் காகிதம் தேவைப்படும். புரோகிராமரிடமிருந்தும் அதேபோல எழுதி வாங்குங்கள். அவர் தராத உரிமையை நீங்கள் வாடிக்கையாளருக்குத் தரமுடியாது.

கைவிட்டுப் போன ஜவுளிக்கடையை நினைத்து வருந்த வேண்டாம். என் ஊகம், இரண்டையும் ஒரே இடத்தில் செய்கிறார்கள் என்பதைவிட, எதற்கும் ஒரே ஆளைக் கூப்பிட்டால் போதும் என்பதுதான் அவர்களை இழுத்திருக்கும். அடுத்த முறை 'தெரியாது' என்பதற்குப் பதிலாக, 'செய்து தரலாம். கட்டுவது என் கூட்டாளி, பொறுப்பு என்னுடையது' என்று சொல்லுங்கள். கூட்டாளி இருப்பதை மறைக்காதீர்கள். அவர் ஒருநாள் வாடிக்கையாளரிடம் நேராகப் பேசத்தான் போகிறார். அப்போது மறைத்தது வெளியே வந்தால் முகத்தில் அடித்தது போலாகிவிடும்.

அக்காவின் வேலையை முதலில் எடுங்கள், மீன் வியாபாரியின் ஒற்றைப் பக்கத்தை அதற்கு நடுவிலேயே முடித்துவிடலாம். ஆனால் அதில் ஒரு கெடு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அவருக்கு உங்களோடு உட்கார்ந்து பேச அப்போதுதான் நேரம் கிடைக்கும். ஆனால் அப்போது படம் எடுக்கப் பெரிய மீன் கிடைக்காது. படங்களை முன்னதாகவே எடுத்து வைத்துவிடுங்கள். விடிகாலை ஏல நேரத்துக்கே போய்விடுங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், தரை முழுக்கப் பனிக்கட்டித் தண்ணீர்.